சீட்டை விட்டுக் குதிரையைப் பிடித்தல்

ஓசூரில் இருந்துகொண்டு குதிரைப் பந்தயத்தை விரும்புகிறவருக்குச் சொந்த மாநிலத்தின் கிண்டி மைதானம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பக்கத்து மாநிலத்தின் பெங்களூரு மைதானமோ நாற்பது கிலோமீட்டரில். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கிருந்து பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக மெஜஸ்டிக் போய்ச் சேர்ந்தால் ரேஸ் கோர்ஸ் சாலை கூப்பிடு தூரம்தான். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தபிறகு, சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்று முதல் இரண்டு ரேஸைக் கோட்டை விடவேண்டிய கட்டாயமும் குறைந்திருக்கிறது. ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து ஆர்.வி. ரோடு, பச்சைத் தடத்துக்கு மாறி மெஜஸ்டிக் என்று போகலாம். ரயிலில் போக நினைப்பவர்கள் ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் வண்டிகளின் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். அவை ரேஸ் நேரத்தை நினைத்து விடப்படுபவை அல்ல. போய்ச் சேருவது இவ்வளவுதான். போன பிறகு எதைப் பார்ப்பது, எதற்காகப் பார்ப்பது என்பதற்கே இந்த அத்தியாயத்தின் மீதி இடம் வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் ரேஸ் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால், பந்தயத்தில் பணம் கட்டுகிறார் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளக் காரணமும் இருக்கிறது. மைதானத்துக்குப் போகிற பெரும்பாலோர் சீட்டு வாங்கத்தான் போகிறார்கள். ரேஸ் புக்கைப் புரட்டுவதும், டிப்ஸ் கேட்பதும், தோற்ற குதிரையின் ஜாக்கியைத் திட்டுவதும் அந்தச் சீட்டைச் சுற்றியே நடக்கின்றன. இந்த அத்தியாயம் வேறொன்றை வலியுறுத்துகிறது. பல ஆண்டு நீடிக்கக்கூடிய, வீட்டில் சண்டை மூட்டாத, அறிவுக்கும் கண்ணுக்கும் வேலை தரக்கூடிய ரேஸ் ரசனை வேண்டுமென்றால், பின்தொடர வேண்டியது சில குறிப்பிட்ட குதிரைகளை, சீட்டை அல்ல. ஒழுக்க உபதேசமாக இதைச் சொல்லவில்லை. கணக்கு போட்டுப் பார்த்தாலே இந்த முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2023 அக்டோபர் 1 முதல் குதிரைப் பந்தயத்தில் கட்டும் பணத்தின் முழு முகமதிப்புக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றாகியது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். கிளப்பின் கமிஷனுக்கு மட்டும் வரி என்றால் சுமை சிறியது. கட்டுகிற தொகை முழுவதற்கும் வரி என்னும்போது கதையே மாறிவிடுகிறது. டோட்டில் ஒருவர் 100 ரூபாய்க்குப் பந்தயம் கட்டுகிறார். வரியோடு சேர்த்துக் கையிலிருந்து போவது 140 ரூபாய். டோட் என்பது எல்லோருடைய பணத்தையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்து, கிளப் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை வென்றவர்களுக்குப் பகிரும் முறை. கிளப் பத்து ரூபாய் எடுப்பதாக வைத்துக்கொண்டால் 90 ரூபாய்தான் மக்களிடம் திரும்பி வருகிறது. அதாவது கூட்டத்தின் சராசரி அறிவோடு கட்டுகிற ஒருவருக்கு 140 ரூபாய்க்கு 90 ரூபாய். திரும்பி வந்ததை அடுத்த ரேஸிலும் போடுகிறார் என்று வையுங்கள்: ஆயிரம் ரூபாய் முதல் ரேஸுக்குப் பிறகு 643, இரண்டாவதற்குப் பிறகு 413, மூன்றாவதற்குப் பிறகு 266, நான்காவதற்குப் பிறகு 171. ஒரு ரேஸ் நாளில் ஏழெட்டு ரேஸ் நடக்கும். நான்காவதிலேயே கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கையில் எதுவும் மிஞ்ச வேண்டுமானால் அங்கிருக்கும் கூட்டத்தைவிடப் பாதிக்கு மேல் அதிகக் கெட்டிக்காரராக, ஒவ்வொரு ரேஸிலும், இருந்தாக வேண்டும்.

இதோடு முடியவில்லை. ஜெயித்தால் வருமான வரி இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் வென்ற பணத்துக்கு 30 சதவீதம் வரி. பத்தாயிரத்துக்கு மேல் போனால் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். தோற்ற சீட்டுகளின் பணத்தை அதில் கழித்துக்காட்ட முடியாது. ஒருவர் ஆண்டு முழுக்க இரண்டு லட்சம் தோற்று ஒன்றரை லட்சம் ஜெயித்தால், உண்மையில் ஐம்பதாயிரம் நஷ்டம். சட்டத்தின் கண்ணிலோ அவர் ஒன்றரை லட்சம் சம்பாதித்தவர். சம்பளக்காரர்கள் நிறைந்த ஊரில், வருமான வரிப் படிவத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இங்கே படித்த ரசிகர் ஒருவர் மறுப்புச் சொல்வார்: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே. சொன்னது உண்மை. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையே மேலோங்கியிருக்கிறது, ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன், சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவற்றை எடைபோட்டு முடிவெடுக்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிநாதம். இந்திய ரேஸ் உலகம் இன்றும் நிற்பது அந்தத் தீர்ப்பின் மேல்தான். ஆனால் ஒரு விளையாட்டில் திறமைக்கு இடம் இருக்கிறது என்பதும், அந்தத் திறமைக்கு லாபம் கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல. டோட் தொகுப்பில் நீங்கள் எதிர்கொள்வது குதிரையை அல்ல, மற்ற ரசிகர்களை. அவர்களும் அதே ரேஸ் புக்கைத்தான் படித்திருக்கிறார்கள். நல்ல குதிரை என்று எல்லோருக்கும் தெரிந்த குதிரை ஜெயித்தால் கிடைக்கும் தொகை ஏற்கெனவே குறைந்துவிட்டிருக்கும். திறமை இருக்கிறது என்ற தீர்ப்பை, குதிரைகள் படிக்கத் தகுந்தவை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வது சரி. பணம் போடுவதற்கான உத்தரவாதமாக எடுத்துக்கொண்டால், நீதிமன்றம் சொல்லாததை அதன் வாயில் திணித்ததாகிவிடும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் இயல்பானது. பணம் கட்டாமல் ரேஸ் பார்ப்பதில் என்ன சுவை இருக்கிறது, உப்பில்லாத சோறு மாதிரி இருக்காதா என்பார்கள். இதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பொங்கலை ஒட்டி கிருஷ்ணகிரி, ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் நடக்கும் எருது விடும் விழாவுக்குப் போய்ப் பாருங்கள். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் காளைக்குப் பரிசு. வேலியோரம் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களில் காளைக்குச் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எதையும் கட்டாமல், வெயிலில் நின்று, எந்த ஊர்க் காளை போன வருஷம் எத்தனை விநாடியில் ஓடியது, இந்த வருஷம் நடை எப்படி, வாடிவாசலில் மிரண்டதா என்று நாள் முழுக்கப் பேசுகிறார்கள். 2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி தாமதமானதற்கு மக்கள் தேசிய நெடுஞ்சாலையையே மறித்தார்கள். அந்த மறியல் சரியா தவறா என்பது வேறு பேச்சு. விலங்கின் ஓட்டத்தைப் பார்க்கும் ஆசைக்குப் பந்தயப் பணம் தேவையே இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். அந்தக் கூட்டத்துக்குச் சுவை தருவது அறிமுகம்: இந்தக் காளை எது, யார் வீட்டுடையது, முன்பு என்ன செய்தது என்ற ஞாபகம். ரேஸ் மைதானத்துக்கு முதல்முறை போகிறவருக்குக் குதிரைகள் எல்லாம் ஒன்றுபோல் தெரிவதால்தான், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்ட அவருக்குச் சீட்டு தேவைப்படுகிறது. அறிமுகம் வந்துவிட்டால் அந்த வேலையைச் சீட்டு செய்ய வேண்டியதில்லை.

அறிமுகம் எப்படி வரும்? எல்லாக் குதிரைகளையும் தெரிந்துகொள்ள முயன்றால் ஒன்றும் தெரியாமல் போகும். பெங்களூரு மைதானத்தில் நூற்றுக்கணக்கான குதிரைகள் பயிற்சியில் இருக்கின்றன. ஒரு வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்திய ரேஸில் குதிரைகளுக்கு ஹேண்டிகேப்பர் ஒரு ரேட்டிங் கொடுக்கிறார். அதை வைத்து 0 முதல் 25, 20 முதல் 45, 40 முதல் 65, 60 முதல் 85, 80க்கு மேல் என ரேஸ்கள் பிரிகின்றன. ரேட்டிங் கூடக்கூட முதுகில் ஏறும் எடையும் கூடும், பொதுவாக இரண்டு புள்ளிக்கு ஒரு கிலோ என்ற அளவில். ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், தொடர்ந்து தோற்றால் இறங்கும். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து கோட்டைத் தொடவேண்டும் என்பதே ஹேண்டிகேப்பரின் கனவு. அந்தக் கனவு எங்கே எப்படிப் பிசகுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது ரசிகரின் வேலை. என் பரிந்துரை 40 முதல் 65 வரையிலான நடுவகுப்பு. மேல் வகுப்பில் குதிரைகள் குறைவு, அவை எப்போதாவதுதான் ஓடும். கீழ்வகுப்பில் ஓட்டம் சீராக இருக்காது, ஒரு நாள் ஓடுவதற்கும் மறுநாள் ஓடுவதற்கும் சம்பந்தமே தெரியாது. நடுவகுப்பில் ஒரே குதிரைகள் சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொள்கின்றன. பத்துப் பன்னிரண்டு குதிரைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் ஒரு சீசனுக்கு அது தாராளம்.

மேலே சொன்ன வகுப்புகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படிந்திருப்பதைக் கவனித்திருக்கலாம். 43 ரேட்டிங் உள்ள குதிரை 20–45 ரேஸிலும் ஓடலாம், 40–65 ரேஸிலும் ஓடலாம். கீழ்வகுப்பில் ஓடினால் எதிரிகள் சாதாரணம், ஆனால் தலைமை எடையான அறுபது கிலோவுக்குப் பக்கத்தில் சுமக்க வேண்டும். மேல்வகுப்பில் ஓடினால் எதிரிகள் பலசாலிகள், எடை ஐம்பது கிலோவை ஒட்டி. டிரெயினர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்து அவர் தன் குதிரையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஊகிக்க முடியும். பெரிய உடம்புள்ள, எடை தாங்கும் குதிரை என்றால் கீழே இறக்குவார். லேசான உடம்பு, நல்ல வேகம், ஆனால் எடை ஏறினால் கடைசி 200 மீட்டரில் மூச்சு வாங்குகிறது என்றால் மேலே ஏற்றுவார். எந்த டிப்ஸ்காரரும் சொல்லாத செய்தி இது. வாராவாரம் அச்சாகும் எடைப் பட்டியலில் எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது. ரேஸ் ரசனையில் ஆகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மனிதர் தன் குதிரையைப் பற்றி வைத்திருக்கும் தீர்ப்பை எண்களிலிருந்து படித்து, பிறகு அது சரியா என்று ஒன்றேகால் நிமிடத்தில் நேரில் பார்க்க முடிகிறது.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, தூரம், சுமந்த எடை, ஜாக்கி, எத்தனையாவது கேட், எந்த இடத்தில் முடித்தது, வென்ற குதிரைக்கும் இதற்கும் இடைவெளி எத்தனை உடல்நீளம், தடத்தின் நிலை. தடத்தின் இறுக்கத்தைப் பெனட்ரோமீட்டர் என்ற கருவியால் அளந்து கிளப் அறிவிக்கிறது. ஓசூரிலும் பெங்களூருவிலும் மழை ஏறத்தாழ ஒன்றாகவே பெய்யும் என்பதால், ஜூலையில் இங்கே தொடர்ந்து நாலு நாள் தூறினால் அங்கே தடம் இளகியிருக்கும் என்று நீங்களே யூகித்துவிடலாம். இளகிய தடத்தில் நன்றாக ஓடும் குதிரையும் உண்டு, கால் வைக்கவே தயங்கும் குதிரையும் உண்டு. எந்தக் குதிரை எந்த ரகம் என்று நோட்டு இரண்டு சீசனில் சொல்லிவிடும். நேரத்தை மட்டும் அளவுகோலாக நம்ப வேண்டாம். 1,200 மீட்டரை ஒரு குதிரை ஒரு நிமிடம் 13 விநாடியில் ஓடியது என்பதற்கு, அன்று தடம் எப்படி இருந்தது, முன்னால் யார் வேகத்தைக் கூட்டினார்கள் என்று தெரியாவிட்டால் பொருளே இல்லை.

ரேஸ் முடிந்த பிறகு, ஓட்டத்தைக் கண்காணிக்கும் ஸ்டைபெண்டரி ஸ்டூவர்டுகளின் அறிக்கை வரும். பெரும்பாலான ரசிகர்கள் அதைப் படிப்பதில்லை. பணம் போய்விட்டது, அறிக்கை எதற்கு என்ற மனநிலை. உண்மையில் அந்தப் பக்கம்தான் தங்கம். கேட்டிலிருந்து தாமதமாகப் புறப்பட்டது, திருப்பத்தில் இடிபட்டது, கடைசி 400 மீட்டரில் வழி கிடைக்காமல் அடைபட்டது, ரேஸுக்குப் பின் மூக்கில் ரத்தம் வந்தது, லாடம் கழன்றது என்று ஒவ்வொரு குதிரைக்கும் நடந்தது அதில் இருக்கும். ஆறாவதாக வந்த உங்கள் குதிரை உண்மையில் தோற்றதா, அல்லது ஓடவே முடியாமல் போனதா என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். ஜாக்கி வேண்டுமென்றே இழுத்துப்பிடித்தார் என்று கூட்டத்தில் எழும் கூச்சல்களில் எவை ஆதாரமுள்ளவை, எவை தோற்றவரின் கோபம் என்று பிரித்தறியவும் அது உதவும். சந்தேகத்துக்குரிய ஓட்டத்தை ஸ்டூவர்டுகள் விசாரித்து ஜாக்கியைத் தடைசெய்த சம்பவங்களும் உண்டு. எல்லாமே சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை. எங்கே கேள்வி எழுப்பப்பட்டது என்பதை ஆவணத்திலிருந்து தெரிந்துகொள்பவரின் சந்தேகத்துக்கு ஒரு எடை இருக்கும், அவ்வளவுதான்.

மைதானத்துக்கு நேரில் போகவேண்டியது எதற்கு, திரையில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். ஓட்டத்தைத் திரையில் பார்க்கலாம். பேடக்கைப் பார்க்க முடியாது. ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் அந்த வட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் போய் நிற்க வேண்டும். ரோமம் பளபளக்கிறதா, விலா எலும்பு லேசாகத் தெரிகிறதா, பின்னங்கால் முன்னங்கால் பதித்த தடத்தைத் தாண்டி விழுகிறதா, பின்தொடைகளுக்கிடையே நுரை கட்டும் அளவுக்கு வியர்வை இருக்கிறதா, காது முன்னால் நிமிர்ந்திருக்கிறதா அல்லது பின்னால் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் எதுவும் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது. சில குதிரைகள் எப்போதும் வியர்க்கும். ஆகவே மற்ற குதிரைகளோடு ஒப்பிடுவதைவிட, அதே குதிரை போன முறை எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுவதுதான் பயன்படும். பத்துக் குதிரைகளை மட்டும் பின்தொடர்பவருக்கு இது சாத்தியம், நாள் முழுக்க எல்லா ரேஸிலும் சீட்டு வாங்க ஓடுபவருக்குச் சாத்தியமில்லை. சீட்டு கவுண்டர் வரிசையும் பேடக் நேரமும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது எவரும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய உண்மை.

ஆண்டின் ஒழுங்கு ஓசூர்க்காரருக்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. பெங்களூருவின் குளிர்கால சீசன் பொதுவாக நவம்பரில் தொடங்கி ஆண்டின் முதல் மாதங்களில் முடியும். கோடை சீசன் மே மாதத்திலிருந்து ஜூலை, ஆகஸ்ட் வரை. ஆகஸ்டுக்குப் பிறகு குதிரைகளில் பல மைசூரு போகும். 1891இல் தொடங்கிய மைசூர் ரேஸ் கிளப்பின் முக்கியமான சீசன் தசரா காலத்தை ஒட்டி வரும். ஓசூரிலிருந்து மைசூருவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது களைப்பு தரும். ஒரு சீசனுக்கு ஒருமுறை, மைசூர் டெர்பி நாளில் போனால் போதும், மற்றதை முடிவுப் பட்டியலிலிருந்து நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம். குதிரையின் வயதைக் கணக்கிடும் முறையையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். எந்த மாதத்தில் பிறந்தாலும் ஜனவரி 1 அன்று எல்லாக் குதிரைக்கும் ஒரு வயது கூடும். இங்கிலாந்தில் டெர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. 1943 முதல் மும்பையில் நடந்துவரும் இந்தியன் டெர்பியில் நான்கு வயதுக் குதிரைகள் ஓடுகின்றன. ஆகவே நம் நாட்டுக் குதிரையைத் தொடர்கிறவருக்குக் கூடுதலாக ஓராண்டு அவகாசம் கிடைக்கிறது. இரண்டு வயதில் முதன்முதலாக ஓடும்போது பெயரைக் குறித்துக்கொண்டால், அது முதிர்ந்து தன் தூரத்தைக் கண்டுபிடிப்பதை அவசரமில்லாமல் பார்க்கலாம்.

வம்சத்தையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேஸ் புக்கில் ஒவ்வொரு குதிரையின் கீழும் தகப்பன், தாய் பெயர்கள் இருக்கும். உலகின் எந்தத் தரோபிரெட் குதிரையின் ஆண்வழியும் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்ற மூன்று பொலிக்குதிரைகளில் ஒன்றில்தான் போய் முடிகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தகப்பனின் மற்றப் பிள்ளைகள் எந்தத் தூரத்தில் ஜெயித்தன என்று பார்த்தாலே, உங்கள் குதிரை 1,200 மீட்டரோடு நிற்குமா, 2,000 தாங்குமா என்று ஒரு அனுமானம் கிடைக்கும். இந்தப் பகுதிக்கே குதிரையோடு பழைய உறவு உண்டு. பெங்களூருக்கு மேற்கே குனிகல் குதிரைப் பண்ணை ஹைதர், திப்பு காலத்தோடு தொடர்புடையது. பிற்காலத்தில் பந்தயக் குதிரைகளை வளர்த்த இடமாக ஆனது. நம் மத்திகிரியில் இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இருக்கும் நிலம், 1824இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டது. மாடும் ஆடும் மேயும் அந்தப் பண்ணையை வாரம் தவறாமல் கடந்துபோகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடினமான மறுப்புகள் இனிமேல்தான். குதிரைக்கு இது கொடுமை இல்லையா என்பது ஒன்று. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எலும்பு முற்றாத வயதில் ஓட விடுவதும், சவுக்கடியும், ஓட்டத்தில் கால் முறிவதும், ஓய்வுபெற்ற குதிரைகளின் கதியும் உண்மையான கவலைகள். சவுக்கைப் பயன்படுத்துவதற்கு விதிமுறைகள் உண்டு, மீறினால் அபராதமும் உண்டு. அவை போதுமா என்று கேட்க உரிமையுள்ளவர் குதிரையைப் பார்க்கிறவர்தான். சீட்டைப் பார்க்கிறவருக்கு, நொண்டிக்கொண்டு பின்வாங்கிய குதிரை கிழித்தெறிய வேண்டிய காகிதம். பெயர் தெரிந்து பின்தொடர்கிறவருக்கு அது ஏன் நொண்டியது, திரும்ப எப்போது வந்தது, அவசரப்பட்டு ஓடவிட்டார்களா, பெயர் பட்டியலிலிருந்து மறைந்துபோன பின் எங்கே போனது என்ற கேள்விகள் வரும். இந்த விளையாட்டைத் திருத்தக்கூடிய பார்வையாளர் என்று யாராவது இருந்தால், அது இவர்தான். கொடுமை என்று முடிவுசெய்து விலகிப் போகிறவர்களை நான் மதிக்கிறேன். தொடர்ந்து பார்ப்பது என்று முடிவெடுத்தவர், ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு என்ன ஏற்பாடு என்று கிளப்பிடம் எழுதிக் கேட்கும் கடமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நகரத்தின் நடுவில் இவ்வளவு நிலம் எதற்கு என்ற கேள்வி. 1777லேயே பந்தயம் நடந்த கிண்டியில், 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த சுமார் 160 ஏக்கரின் குத்தகையைத் தமிழக அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. வாடகைப் பாக்கி மட்டும் 730 கோடிக்கு மேல் என்றது. அதே ஆண்டு ஜூலையில் ஊட்டி மைதானத்தின் ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பாக்கிக்காகவே அரசு எடுத்துக்கொண்டது. பெங்களூருவில் குத்தகை 2009 முடிவோடு காலாவதியாகி, மைதானத்தை நகருக்கு வெளியே மாற்றும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அரசு உரிமம் மறுத்து, விஷயம் உயர் நீதிமன்றம் போய், கோடை சீசன் குலைந்தது. வாடகை தராமல் பொது நிலத்தை வைத்திருக்க எந்தக் கிளப்புக்கும் நியாயம் இல்லை என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஏரியும் பூங்காவும் நகரத்துக்கு வேண்டும். குதிரை ஓட நகரத்தின் நடு நிலம்தான் வேண்டும் என்றும் இல்லை. இவ்வளவு நிச்சயமின்மையில் எதற்கு மனத்தைக் கொடுப்பது என்று கேட்பவருக்கு, ஓசூர்க்காரரின் நிலை சென்னைக்காரரைவிடவும் பெங்களூருக்காரரைவிடவும் பாதகமானது அல்ல என்பேன். மைதானம் எங்கே போனாலும் அவர் ஏற்கெனவே வெளியூர்ப் பயணிதான். அவர் கையில் இருப்பது குதிரைகளைப் பற்றிய நோட்டு. அது மைதானத்தோடு கட்டிப்போடப்பட்டதல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகும் சிலர் கட்டுவார்கள். அவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். மைதானத்துக்குள், உரிமம் உள்ள கவுண்டரில் மட்டும் கட்டுங்கள். டீக்கடையிலோ போனிலோ உரிமம் இல்லாத புக்கியிடம் கட்டுவது சட்டவிரோதம். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2023இல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டமே இருக்கிறது. கடனுக்குக் கட்ட இடம் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகுங்கள், ஏனென்றால் மேலே பார்த்த கணக்கில் ஆயிரம் ரூபாய் நான்கு ரேஸில் தீர்ந்து நின்றுவிடுகிறது, கடனில் அது நிற்பதில்லை. ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போனால் என்ன செலவாகுமோ அந்தத் தொகையை வீட்டில் சொல்லிவிட்டு எடுத்துப்போங்கள், அதை நுழைவுக் கட்டணத்தோடு சேர்ந்த செலவாகவே எழுதுங்கள். ஓவர்டைம் பணமும் போனஸும் வரும் மாதங்களில் கூடுதல் கவனம் தேவை. நீங்கள் பின்தொடரும் குதிரை ஓடும் ரேஸைத் தவிர வேறு எதிலும் கட்டாதீர்கள். பன்னிரண்டு குதிரைகள் என்றால் ஒரு நாளில் ஒன்றோ இரண்டோதான் அமையும். தோற்றதை மீட்பதற்காகக் கட்டத் தோன்றினால், அல்லது கட்டிய தொகையை வீட்டில் மறைக்கத் தோன்றினால், அன்றோடு நிறுத்துங்கள். நிறுத்த முடியவில்லை என்றால் டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

தொடங்குவதற்கு நல்ல நேரம் குளிர்கால சீசனின் முதல் சில வாரங்கள். அப்போது இரண்டு வயதுக் குட்டிகள் முதல்முறை மைதானத்துக்கு வரும், நடுவகுப்புக் குதிரைகள் மைசூருவிலிருந்து திரும்பியிருக்கும். முதல் இரண்டு ரேஸ் நாட்களில் தேர்வு எதுவும் செய்யாமல் பேடக்கிலேயே நில்லுங்கள். மூன்றாவது நாள் எட்டு நடுவகுப்புக் குதிரைகளையும், நான்கு இரண்டு வயதுக் குட்டிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரி வந்ததும் குட்டிகளின் வயதை மூன்று என்று திருத்த மறக்க வேண்டாம்.